மழை இடது காலில் மட்டும் பெய்வதில்லை

கதிர் அளக்கும் மானிட்டரின் மெனுவைச் சொல்லிக்கொடுக்க, புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள் என்றால் ஏமாந்துபோவீர்கள். எந்தப் பட்டனை அழுத்தினால் எது திறக்கும் என்பதெல்லாம் படத்தோடு புத்தகத்தில் இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலத்திலேயே அந்த மெனு பலமுறை மாறிவிட்டது. மாறாத ஒன்றும் உண்டு. மெனுவில் உள்ள ஏதோ ஓர் எண்ணை உடனே மாற்றச் சொல்லி, அவசரத்தில் இருக்கும் ஒருவர் உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். அவர் கெட்டவராக இருக்கமாட்டார். சொல்லும் காரணமும் பொய்யாக இருக்காது. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்தேன். எனக்கு நடந்த ஒன்றை முழுதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வலியசாலையில். எங்கள் தெருவில் இன்றைக்கும் ‘பத்து’ பார்க்கிற வீடுகள் உண்டு. சாதம் தொட்ட கையை நனைக்காமல் மோர்ப் பாத்திரத்தைத் தொட்டால் வீடே இரண்டாகிவிடும். அதனால் கன்டாமினேஷன் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கையிலிருந்து பாத்திரத்துக்குப் போகும் என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நான். என்ன வித்தியாசம் என்றால், எங்கள் வார்டில் அது நிஜமாகவே போகும். மீட்டரை வைத்தால் சத்தமும் போடும்.

அது தைராய்டு புற்றுநோய்க்காகக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் சில நாட்கள் தங்கும் வார்டு. அவர்களுடைய வியர்வை, எச்சில், சிறுநீர் எல்லாவற்றிலும் அயோடின் வெளியே வரும். குளியலறைத் தரையில் ஒரு துளி சிந்தியிருந்தாலும் மிதித்தவர் காலோடு அது புறப்பட்டுவிடும். அப்படிப் புறப்படக் கூடாது என்பதற்காக, வெளியே போகும் ஒரே வழியில் ஒரு மிஷின் நின்றது. முதலில் சொன்ன மானிட்டர் அதுதான். அதன் தட்டில் ஏறி நின்று இரண்டு கைகளையும் உள்ளே நுழைத்தால், தனித்தனி டிடெக்டர்களால் ஒவ்வொரு கையையும் காலையும் பார்க்கும். சுத்தம் என்றால் பச்சை விளக்கு, ஒட்டியிருந்தால் சிவப்பு. பச்சை எரிந்தால்தான் கதவு திறக்கும்.

கதிர் என்பது நம் ஊர் மண்ணிலும் சுவரிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் சேர்த்து அளந்துவிட்டால் எல்லோருக்கும் சிவப்புதான் எரியும். எனவே தட்டில் ஆள் இல்லாத நேரத்தில் மிஷின் சும்மா இருக்காது. சுற்றுப்புறத்தை அளந்துகொண்டே இருக்கும். பேக்ரவுண்ட் என்று நாம் சொல்வது அதைத்தான். ஆள் ஏறியதும் மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் பார்க்கும். சுற்றுப்புறம் கூடினால் தன் கணக்கையும் கூட்டிக்கொள்ளும், குறைந்தால் குறைத்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்துக்கு வந்த புது மருமகளைப் போல எல்லாவற்றுக்கும் அனுசரித்துப் போகும் குணம் அதற்கு. ஆனால் எவ்வளவு தூரம் அனுசரிக்கலாம் என்று நாம் ஓர் எல்லை வைத்திருப்போம். அந்த எல்லை தாண்டினால் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். ‘இப்போது என்னால் சொல்ல முடியாது’ என்பது மஞ்சளுக்கு அர்த்தம்.

அந்த வருஷம் எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியபோது எப்போதாவது எரிந்த மஞ்சள், போகப்போக ஷிஃப்ட் மாறும் நேரமெல்லாம் எரிய ஆரம்பித்தது. வேலை முடிந்து களைத்துப்போய் வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். கதவு திறக்காது. கிழக்கேகோட்டை பஸ் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, ஹார்ன் அடித்து, போயும் விடும். எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? தீ விபத்து நேர்ந்தால் கதவைத் திறப்பதற்காகப் பக்கத்துச் சுவரில் ஓர் அவசரப் பட்டன் வைத்திருந்தோம். யாரோ ஒருவர் அதை அழுத்திப் பார்த்திருக்கிறார். பிறகு எல்லோரும் அதையே அழுத்திப் போக ஆரம்பித்தார்கள். நான் போய்ச் சத்தம் போட்டால், ‘ஸாரி மேடம்’ என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். மறுநாளும் அதே கதைதான்.

கண்டிப்பான செட்டிங் போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கதவு திறக்காது என்று நாம் முடிவுசெய்தால், திறக்கிற வழியை ஜனங்கள் முடிவுசெய்வார்கள்.

எங்கள் துறைத் தலைவராக இருந்த டாக்டர் நல்ல மனுஷர். கோட்டயத்துக்காரர், குரலை உயர்த்திப் பேச மாட்டார். நாங்கள் இருவரும் மலையாளத்தில்தான் பேசிக்கொள்வோம். மழைதான் காரணம் என்று அவர் சொன்னார். அது வெறும் சாக்கு அல்ல. காற்றில் மிதக்கும் இயற்கைக் கதிரியக்கத் தூசியை மழை கழுவிக் கீழே இறக்கும். நல்ல மழை பெய்த பிறகு கொஞ்ச நேரம் எந்த மீட்டரும் கூடுதலாகத்தான் காட்டும். நனைந்த குடையை மடக்கி மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே சத்தம் போடும், நானே பார்த்திருக்கிறேன். ஆக, அவர் படித்ததும் சரி, சொன்னதும் சரி.

மிஷின் கம்பெனியின் எஞ்சினியரை அவர் வரவழைத்தார். காலையில் மூன்று பேரும் மிஷினுக்கு முன்னால் நின்றோம். டாக்டர் கேட்டது இதுதான்: பேக்ரவுண்டின் எல்லையை உயர்த்த வேண்டும். மிஷின் இன்னும் வேகமாகச் சுற்றுப்புறத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொள்ள வேண்டும். அப்படியும் மஞ்சள் வந்தால், ஒரு பீப் சத்தம் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டும். எஞ்சினியருக்கு இது பழகிய வேலை. மற்ற இடங்களிலும் இப்படித்தான் செய்துகொடுத்தேன் என்றார். சாயங்காலம் அவருக்கு ரயில். இன்று செய்யாவிட்டால் மழைக்காலம் முடிந்துதான் மறுபடி வர முடியும் என்றும் சொன்னார். மாற்றங்களுக்கு நான் சம்மதித்தால் போதும், டீ குடிக்கிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

எனக்கும் அந்த மிஷின்மேல் கோபம்தான். தினமும் அதற்காக எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறவள் நான். சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் புரியாத ஒன்றை அணைப்பதற்கு முன்னால் அது என்ன சொல்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். வீட்டிலும் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். குக்கர் விசில் விசித்திரமாக அடித்தால் அடுப்பை அணைக்காமல் பக்கத்தில் போய் நிற்பவள் என்று என் கணவர் சொல்வார்.

ஒவ்வொரு டிடெக்டரின் பேக்ரவுண்டையும் தனித்தனியாகக் காட்ட முடியுமா என்று எஞ்சினியரிடம் கேட்டேன். மிஷினின் திரையில் அது வராது. அவருடைய லேப்டாப்பை இணைத்தால் வரும். முணுமுணுத்துக்கொண்டே இணைத்தார். கைகளுக்கான கோடுகள் தரையில் படுத்த மாதிரி நேராகக் கிடந்தன. வலது காலுக்கான கோடும் அப்படியே. இடது காலுக்கான கோடு மட்டும் ஷிஃப்ட் மாறும் நேரந்தோறும் ஏறியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியும் இருந்தது.

மழை இடது காலில் மட்டும் பெய்யுமா என்று நான் கேட்டேன். டாக்டர் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்தக் கோட்டை மறுபடி பார்த்தார்.

அப்படியென்றால் இடது கால் டிடெக்டர் பழுதாகியிருக்கும் என்றார் எஞ்சினியர். பழுதான டிடெக்டருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதே என்றேன். அது பழுதாக இருந்தால் விடியற்காலையிலும் பழுதாகத்தான் இருக்கும். இது ஆட்கள் வரும்போது ஏறி, ஆட்கள் போனதும் இறங்குகிறது. எதையோ பார்த்துத்தான் ஏறுகிறது. மதியம் ஷிஃப்ட் மாறும்வரை பொறுங்கள், நான் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். டாக்டர் எஞ்சினியரைப் பார்த்தார், எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். சம்மதித்தார்கள்.

மதியம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கதவுக்கு எதிரே உட்கார்ந்தேன். டாக்டரும் எஞ்சினியரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். முதலில் நர்ஸுகள் வந்தார்கள். பின்னால் டெக்னீஷியன் ஹரி. பிறகு துப்புரவுப் பணியாளர்கள். அவர்களில் செல்வி என்ற பெண்ணும் இருந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. புருஷனுக்குக் கட்டட வேலை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். பிரசவத்துக்குப் போய்விட்டு, குழந்தைக்கு ஒரு வயதானதும் மறுபடி வேலைக்கு வந்திருந்தாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் மிஷினுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றினார்கள். வலதுபுறம் சுவர் என்பதால் இடதுபுறத்தில் கழற்றினார்கள். வரிசையாக, தட்டை ஒட்டியே செருப்புகள் சேர்ந்தன. வெறுங்காலோடு தட்டில் ஏறினார்கள், பச்சை வாங்கினார்கள், இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். நான்கைந்து ஜோடி சேர்ந்ததும் மஞ்சள் எரிந்தது. கூட்டம் என்னைப் பார்த்தது.

“செருப்ப எதுக்குக் கழட்டறே, செல்வி?” என்று கேட்டேன்.

“சாமி படம் இருக்குல்லா மேடம். செருப்போட எப்பிடிக் கேறதுக்கு?”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மிஷினின் தலைப்பக்கத்தில், திரைக்கு மேலே, கட்டைவிரல் அளவில் ஒரு கணபதி படம். தினமும் அந்த வழியாகப் போய்வருகிறேன். பார்த்ததும் உண்டு. பார்த்து, மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அத்தோடு மறந்தும் போனேன். ஹரி என் பக்கத்தில் வந்து தயங்கி நின்றான். அவனும் எங்கள் வலியசாலைத் தெருக்காரன்தான்.

“நானாக்கும் ஒட்டினேன், மேடம். மிஷின் அப்பப்ப மக்கர் பண்ணிண்டிருந்ததோல்லியோ, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் ஒடச்சுட்டு, அங்கேருந்து வாங்கிண்டு வந்தேன்.”

கணக்கைப் பாருங்கள். மழை தொடங்கியபோது எப்போதாவது மஞ்சள் எரிந்திருக்கிறது. அது சரியாகவேண்டும் என்று ஹரி படம் ஒட்டியிருக்கிறான். படம் வந்ததும் ஜனங்கள் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். செருப்புகள் சேரச் சேர மஞ்சள் கூடியது. இதில் கணபதியின்மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் ஜனங்கள்மேலும் இல்லை. சாமி இருக்கும் இடத்தில் செருப்போடு ஏறாதே என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அதன்படி நடந்தார்கள். அந்தத் தட்டு பார்க்க வேண்டியது செருப்பைத்தான் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கை மீட்டரை எடுத்துவரச் சொல்லி செருப்புகளின் மேல் காட்டினேன். நர்ஸுகளுடையதில் கொஞ்சம் முனகியது. செல்வியுடைய செருப்பில் விடாமல் இரைந்தது. தட்டை ஒட்டிக் கிடந்த இவற்றைத்தான் இடது கால் டிடெக்டர் சுற்றுப்புறம் என்று எண்ணிக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தது. வார்டுக்குள் போட்டுக்கொள்வதற்கென்று ரப்பர் செருப்பும் மேலுறையும் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ரப்பர் செருப்பு அறுந்துபோய், கான்ட்ராக்ட்காரர் புதிது தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். இவள் தன் சொந்தச் செருப்போடு குளியலறைகளைக் கழுவியிருக்கிறாள்.

டாக்டர் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி, சொந்தச் செருப்பைப் போட இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது என்பதுதான். பயத்தில் வந்த கேள்வி அது, ஆனாலும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. செருப்பு கொடுக்காதவரைக் கேளுங்கள், இவளை ஏன் கேட்கிறீர்கள் என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். செல்வி எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதப் போட்டுட்டுத்தான் மேடம் வீட்டுக்குப் போறேன். எனக்க பிள்ள தரையிலதான் எப்பளும் கெடக்கும்.”

தவழ்கிற குழந்தை. தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிற வயசு. அயோடின் உடம்புக்குள் போனால் நேராகக் கழுத்துக்குப் போய் தைராய்டில் உட்காரும். சின்னக் குழந்தைகளின் தைராய்டுக்கு அது ரொம்பப் பொல்லாதது. இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்டில் வேலை செய்கிறவளுக்கு இவ்வளவும் தெரியும். தெரியும் என்பது அவள் முகத்தில் இருந்தது.

எஞ்சினியரிடம், ஒன்றையும் தொடாதீர்கள், நான் வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மீட்டரையும் ஹரியையும் செல்வியையும் ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செல்வியின் செருப்பை இரட்டைப் பையில் கட்டி வார்டிலேயே வைத்தாயிற்று. அவள் காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு. மழை தூறிக்கொண்டிருந்தது.

லைன் வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். வாசலில் ஒரு கல்படி. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் அது தரையில் தவழ்ந்து வாசலை நோக்கி வந்தது. நான் மீட்டரை இயக்கினேன். அறைக்குள் அதன் டிக்டிக் சத்தம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்பதைவிடக் கூடுதலாக இருந்தது. செல்வி சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

“ஒண்ணும் இல்லேன்னு சொல்லுங்க மேடம்.”

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். ஒன்றும் இல்லை, பயப்படாதே என்று சொல்லிவிடத் தோன்றும். சொன்னால் அந்த முகம் தெளிந்துவிடும். நாமும் கொஞ்சம் மூச்சு விடலாம். காலையில் டாக்டர் அந்த மிஷினிடம் கேட்டதும் இதைத்தான். தெரியாத நேரத்திலும் கதவைத் திறந்துவிடு என்றுதான் கேட்டார். மிஷினிடம் கேட்கும்போது அது ஒரு செட்டிங். ஒரு தாய் கேட்கும்போதுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது.

“தெரியலை, செல்வி. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னது கொடுமையாகத்தான் இருந்திருக்கும். ஹரிகூட என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போகும்படி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். குழந்தை இல்லாத அறையில் மீட்டரை வைத்துக் காத்திருந்தேன். அதே சத்தம். சுவரோடு காட்டினேன், நடுத்தரையில் காட்டினேன், மூலையில் காட்டினேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. ஒட்டிக்கொண்ட கன்டாமினேஷன் அப்படி இருக்காது. ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. பிறகு பக்கத்து வீட்டுக்குள் போய், அங்கேயும் மீட்டரை வைத்து நின்றேன். அங்கேயும் அதே அளவு. இந்தக் கடற்கரை ஊரில் சில இடத்து மணலிலேயே கொஞ்சம் கதிர் உண்டு. அந்த மணலில் பூசிய சுவரும் கருங்கல்லும் சேர்ந்தால் வீடு இப்படித்தான் முனகும். அந்த லைன் வீடுகளின் பேக்ரவுண்ட் அது. வராந்தாவின் கணக்கை இங்கே கொண்டுவந்து கழித்திருந்தால் ஒரு குழந்தையின்மேல் இல்லாத கதிரை ஏற்றியிருப்பேன். மிஷின் எங்களுக்காகத் தினமும் செய்கிற வேலையை அன்று என் இரண்டு கால்களால் செய்தேன். வேகமாகச் செய்ய முடியாத வேலை அது. அவள் அழுதாலும் வேகமாகச் செய்யக் கூடாது.

குழந்தையைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளங்கைகள், முழங்கால்கள், உடுப்பு, வாயோரம், கடைசியில் கழுத்து. மீட்டரின் சத்தம் கூடவில்லை. மறுபடியும் ஒருமுறை முழுதாகப் பார்த்தேன். கூடவில்லை. குழந்தை மீட்டரைப் பிடுங்கப் பார்த்தது.

அப்புறம் வாசலுக்கு வந்தேன். கல்படியில், செருப்பு விடும் ஓரத்தில், மீட்டர் இரைந்தது. இரண்டு செருப்பு அளவு இடம். அதைத் தாண்டி உள்ளே ஒன்றும் இல்லை. வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை செருகியிருந்தது. குழந்தை தவழ்ந்து வந்து அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. பலகைக்கு இந்தப் பக்கம் அதன் கை எட்டாது.

“பலக வைக்கல்லேன்னா பிள்ள ரோட்டுக்குப் போயிரும் மேடம்” என்றாள் செல்வி. ஏதோ தப்பு செய்துவிட்டதைப் போலச் சொன்னாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமில்லை. வார்டு வாசலில் எங்கள் மிஷினை ஏமாற்றியது எந்தப் பழக்கமோ, அதே பழக்கம் இங்கே வீட்டைக் காப்பாற்றியிருந்தது. செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே போகிற பழக்கம். எங்கள் துறை செய்த எந்த ஏற்பாடும் அந்தக் குழந்தையைக் காப்பாற்றவில்லை. நம் ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது என்று யாராவது பெருமை பேசினால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பலகைதான் ஞாபகம் வரும்.

உள்ளே ஒன்றும் இல்லை, குழந்தை சுத்தம் என்று செல்வியிடம் சொன்னேன். இப்போது சொல்ல எனக்குப் பாத்தியதை இருந்தது. நாளைக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, பெரிய மீட்டரில் உங்கள் இருவரின் கழுத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றும் சொன்னேன். மறுநாள் பார்த்தோம். கவலைப்பட ஒன்றும் இல்லை. படியை அன்றைக்கே ஹரியும் நானும் துடைத்து, துடைத்த துணிகளைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டோம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி, நாங்கள் கிளம்பும்போது ஒன்று கேட்டாள்.

“தெனமும் பச்ச எரிஞ்சுதே மேடம். அது என்னத்தப் பாத்து எரிஞ்சுது?”

“உன் காலப் பாத்து எரிஞ்சுது” என்றேன். மழுப்பாமல் பதில் சொல்வதைத் தவிர அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது எஞ்சினியர் இன்னும் காத்திருந்தார். டாக்டரும் வீட்டுக்குப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டார். எல்லையை உயர்த்த வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாறுவதை வேகமாக்காமல் இன்னும் மெதுவாக்கச் சொன்னேன். சட்டென்று ஏறும் எதற்கும் அது வளைந்துகொடுக்கக் கூடாது. மஞ்சள் வந்தால் கதவு திறக்க வேண்டாம். ஆனால் அந்த நிமிஷமே என் அறையில் ஒரு மணி அடிக்க வேண்டும். நான் இல்லாவிட்டால் ஹரியின் அறையில் அடிக்க வேண்டும். மணி கேட்டவர் கை மீட்டரோடு போய், நிற்கிறவர்களைத் தானே அளந்து வெளியே அனுப்ப வேண்டும். அவசரப் பட்டனை யாரும் திட்டுக்குப் பயந்து விட்டுவிட மாட்டார்கள். தங்களுக்காக ஒருவர் ஓடிவருவார் என்று தெரிந்தால் விடுவார்கள். எஞ்சினியர் ஒன்றும் முணுமுணுக்காமல் செய்துகொடுத்தார். கான்ட்ராக்ட்காரரிடமிருந்து ரப்பர் செருப்பு மறுநாளே வந்தது. அதற்கு டாக்டர் முதல்முறையாகக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

கணபதி படத்தை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, நகத்தால் மெல்லப் பெயர்த்து, கதவுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். மிஷினின் தட்டிலிருந்து தள்ளி, வெளியே போகிறவர் நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில். மறுநாள் எல்லோரையும் கூட்டி, இந்தத் தட்டு உங்கள் செருப்பைப் பார்ப்பதற்காகத்தான் இருக்கிறது, செருப்போடு ஏறுவதுதான் அதற்கு மரியாதை என்று ஹரியே சொன்னான்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு மதியம் என் அறையில் மணி அடித்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து அப்போதுதான் ஒரு வாய் வைத்திருந்தேன். இந்த முறை நிஜமாகவே ஒரு டிடெக்டர் செத்துப்போயிருந்தது. கை கழுவி, மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கதவுக்கு முன்னால் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வாசலில் கிழக்கேகோட்டை பஸ் ஹார்ன் அடித்தது. புதிதாக வந்த ஒரு நர்ஸ் அவசரப் பட்டனைப் பார்த்துக் கையை நீட்டினாள். பட்டனுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள் செல்வி. காலில் ரப்பர் செருப்பு, மேலுறை. நகரவில்லை. என்னைக் கண்டதும் கைகளை நீட்டினாள்.

“நீங்க பாத்துட்டு சொல்லுங்க மேடம். நான் நிக்கேன்.”

பஸ் போய்விட்டது. அவளுக்கு வீட்டில் குழந்தை காத்திருந்தது. நான் நிதானமாக அளந்தேன்.

மெனுவில் ஃபால்ட், அதாவது பழுது, என்ற தலைப்புக்குக் கீழே என்ன எண் போட வேண்டும் என்று நாளைக்கு உங்களைக் கேட்பார்கள். புத்தகத்தைப் பார்த்துப் போடுங்கள். ஆனால் மணி அடித்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடுங்கள். அங்கே ஒருத்தி உங்களை நம்பி, வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருப்பாள்.